நானூற்றுப் பன்னிரண்டு பேரின் சம்மதம்

அடையாற்றில், ஆற்றுக்கும் பஸ் டெப்போவுக்கும் நடுவே எங்கேயோ, பல்துறை உயராய்வு நிறுவனம் என்று ஒன்று இருக்கிறது. அங்கே என்ன ஆராய்கிறார்கள் என்று வாசலில் ஆட்டோ போட்டிருப்பவர்களைக் கேட்டால், "இன்னாவோ படிக்கிறாங்கோ சார், உள்ளார ஏசி கீது" என்பார்கள். இதைவிடத் துல்லியமான விளக்கத்தை நிறுவனத்தின் ஆண்டறிக்கையிலும் நான் படித்ததில்லை.

அங்கே முப்பத்தோரு வருஷமாக வேலை பார்த்தவர் ஆரோக்கியநாதன். வரலாற்று ஆய்வாளர். அதிலும் உழைப்பையும் சுற்றுச்சூழலையும் சேர்த்துப் பார்க்கிறவர். ஒரு கால்வாயைக் காட்டினால் மற்ற வரலாற்றுக்காரர்கள் அது எந்தக் கவர்னர் காலத்தில் வெட்டியது என்று கேட்பார்கள். இவர் வெட்டினது யார், அவர்கள் ராத்திரி எங்கே படுத்தார்கள், தோண்டின மண் எங்கே போயிற்று என்று கேட்பார். இப்படிக் கேட்கிறவர்களுக்கு எந்த நிறுவனத்திலும் சீக்கிரம் பதவி உயர்வு கிடைக்காது. பதினாறு வருஷமாக இணைப் பேராசிரியராகவே இருந்தார். ஓய்வு பெற இன்னும் பதினான்கு மாதம்தான் பாக்கி. பேராசிரியராகிவிட்டு ஓய்வு பெற வேண்டும் என்பது அவருக்கு ஆசை. கான்வென்ட் பள்ளியில் கணக்கு டீச்சராக இருக்கும் அவர் மனைவி மர்சலினுக்கு அது சபதம். சாந்தோம் சர்ச்சில் எல்லோரும் அவரை ஏற்கெனவே "புரொஃபசர்" என்றுதான் கூப்பிட்டார்கள். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் பூசை முடிந்து வெளியே வரும்போது அது அவருக்கு உறுத்தியது.

அவருடைய வாழ்நாள் வேலை ஒரே ஒரு புத்தகம். நிறுவனத்தின் வளாகத்துக்குள்ளேயே பெரிய குளம் ஒன்று உண்டு. ஐப்பசி மழையில் சுற்றுவட்டாரத் தண்ணீரெல்லாம் அதில்தான் வந்து விழும். கொக்கும் நீர்க்காகமும் வரும். மேற்குக் கரையில் பதினெட்டு வீடுகள். குளம் ஆற்றின் பழைய கிளை, தானாக உண்டானது என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். ஆரோக்கியநாதன் எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் பன்னிரண்டு வருஷம் தூசியைத் தின்று, அது தாது வருஷப் பஞ்சத்தில் நிவாரண வேலையாக வெட்டப்பட்ட குளம் என்று கண்டுபிடித்தார். வெட்டினவர்களின் பெயர்ப் பட்டியலே கிடைத்தது. நானூற்றுப் பன்னிரண்டு பேர். சில பெயர்களுக்கு எதிரே "செத்தான்" என்றும், சிலவற்றுக்கு எதிரே "ஓடிவிட்டான்" என்றும் எழுதியிருந்தது. சாகாமலும் ஓடாமலும் கரையிலேயே தங்கிவிட்டவர்களின் சந்ததிதான் அந்தப் பதினெட்டு வீடுகள்.

சந்ததி விஷயத்தை அவருக்குச் சொன்னவள் கன்னியம்மா. வளாகத்தில் கூட்டிப் பெருக்குகிறவள், கான்ட்ராக்ட் வேலை, ஐம்பது வயதிருக்கும். அவள் வீட்டில் சொல்லிச் சொல்லி வந்த சின்னப்பன் என்ற பெயர் பட்டியலில் நூற்று ஏழாவதாக இருந்தது. அதைக் காட்டிய அன்று அவள் கொஞ்ச நேரம் எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "நம்மள எவன் எழுதி வெச்சான்னு நெனச்சேன் சார், வெச்சுக்கிறாங்கோ" என்றாள். புத்தகம் வந்ததும் ஒரு பிரதியை வாங்கிப்போய் ஃபிரிட்ஜ் மேல் முருகன் படத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். மொத்தம் விற்றது பதினோரு பிரதி. மூன்றை மர்சலின் வாங்கினாள்.

பதவி உயர்வுக்கு விண்ணப்பிக்க "ஞானத்தடம்" என்ற போர்ட்டலில் ஏற வேண்டும். முதல் கேள்வியே ஆய்வுத் துறை. வரலாறு என்பதைத் தொட்டால் மன்னர்கள், போர்கள், கோயில்கள், தலைவர்கள், இதர என்று ஐந்து வரிகள் இறங்கும். உழைப்பு அங்கே இல்லை. அது மேலாண்மைக்குக் கீழே, "மனிதவளம்" என்ற பெயரில் இருந்தது. சுற்றுச்சூழல் கட்டடப் பொறியியலுக்குக் கீழே, கழிவுநீருக்கு அடுத்தபடி இருந்தது. ஆரோக்கியநாதன் ஒன்றரை நாள் அதையே பார்த்துவிட்டு, ஆபீஸ் சூப்பரின்டென்டென்ட் ஸ்ரீலக்ஷ்மியிடம் போனார். மயிலாப்பூர்க்காரி. இருபத்தைந்து வருஷத்தில் எந்த ஃபைலையும் தொலைத்ததில்லை, எந்த ஃபைலையும் முடித்ததும் இல்லை.

"நீங்க இதரன்னே போட்டுடுங்கோ சார்" என்றாள். "உழைப்புன்னு போட்டா ஹெச்.ஆருக்குப் போயிடறது. சுற்றுச்சூழல்னு போட்டா சாக்கடைக்குப் போயிடறது. போன வருஷம் ஒருத்தர் ரெண்டையும் டிக் பண்ணிண்டு வந்தார். அவரோட அக்கவுன்டே லாக் ஆயிடுத்து. இன்னிக்கு வரைக்கும் அவர் எந்த டிபார்ட்மென்ட்னு யாருக்கும் தெரியலை. தினமும் வந்து ரீடிங் ரூம்ல பேப்பர் படிச்சிண்டிருக்கார்."

அவர் இதர என்று போட்டார். அன்று முதல் அரசாங்கக் கணக்கில் அவர் இதர வரலாற்றாசிரியர்.

அடுத்தது ஆய்வு நெறிமுறைக் குழு. அதன் தலைவர் ராகவேந்திரன், எலிகளை வைத்து ஆராய்ச்சி செய்கிறவர். மனிதர்களைப் பற்றிய எந்த ஆய்வுக்கும், ஆய்வுக்கு உட்பட்டவர்கள் கையெழுத்திட்ட சம்மதப் படிவம் வேண்டும் என்றார்.

"எலிக்கே ஃபார்ம் வெச்சிருக்கோம் சார். நானூத்திப் பன்னிரண்டு மனுஷங்களை நீங்க ஒரு ஃபார்ம் இல்லாம புத்தகத்துல போட்டுட்டீங்களே, எப்படி?"

"அவங்க எல்லாரும் காலமாகிட்டாங்க சார். நூத்தி நாப்பது வருஷத்துக்கு மேல ஆச்சு."

ராகவேந்திரன் பேனாவைக் கீழே வைத்து, மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, "என் ஆழ்ந்த அனுதாபங்கள்" என்றார். உண்மையாகவே வருத்தப்பட்டார். பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "வாரிசு இருக்காங்களா?" என்று கேட்டார்.

இருக்கிறார்கள் என்று சொன்னதுதான் ஆரோக்கியநாதன் செய்த தவறு. ஆவணத்தைக் கண்டால் சந்தோஷப்படுகிற ஜாதி வரலாற்றாசிரியர் ஜாதி. கேட்கிற இடத்தில் இருக்கிறது என்று சொல்லாமல் இருக்க அவர்களால் முடியாது. குழுவே படிவத்தை அடித்துக் கொடுத்தது. "மேற்படி குளத்தை என் முன்னோர் தம் கைகளால் வெட்டினார்கள் என்பதையும், அதற்கு முன் அவ்விடத்தில் குளம் ஏதும் இல்லை என்பதையும் அறிந்து மனப்பூர்வமாகச் சம்மதிக்கிறேன்." இரண்டாவது பாதி எதற்கு என்று அவர் கேட்டார். படிவம் என்றால் பூரணமாக இருக்க வேண்டும் என்றார்கள்.

கன்னியம்மா விளக்குமாற்றைச் சுவரில் சாத்திவிட்டுப் படிவத்தைத் தலைகீழாகவும் நேராகவும் பார்த்தாள்.

"இன்னா சார் இது?"

அவர் படித்துக் காட்டினார்.

"எழுதிக்கிறது நெசந்தானே?"

"நெசந்தான் கன்னியம்மா."

"அப்ப போட்டா போச்சு. நீ கேட்டு நான் போடாம இருப்பனா." தான் போட்டதோடு நிற்கவில்லை. பதினெட்டு வீட்டுக்கும் அவளே போய், "நம்ம சாருக்கு பெரிய போஸ்ட்டு வருது, இதுல போடு" என்று சொல்லிச் சொல்லி வாங்கிக்கொண்டு வந்தாள். இரண்டு பேர் கைநாட்டு. அந்தப் படிவங்களை ஆரோக்கியநாதன் ஒவ்வொன்றாகத் தடவி நேராக்கி அடுக்கினார். முப்பது வருஷத்தில் அவருக்காக யாரும் இவ்வளவு அலைந்ததில்லை.

நேர்முகத் தேர்வில் வெளி நிபுணர்கள் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். இதர என்ற துறைக்கு நிபுணர் யாரும் இல்லாததால், பக்கத்துத் துறைகளிலிருந்து ஒவ்வொருவரைக் கூப்பிட்டிருந்தார்கள்.

சிற்பக்கலை நிபுணர் முதலில் கேட்டார். "குளத்துல கல்வெட்டு இருக்கா?"

"இல்ல சார்."

"படிக்கட்டு, மண்டபம்?"

"இல்ல. மண் கரைதான்."

"அப்ப வரலாறு எங்கேர்ந்து வருது?"

மனிதவள நிபுணர் நல்ல மனிதர். புத்தகத்தின் ஒரு பக்கத்தை உண்மையாகவே படித்திருந்தார். "இதுல ஓடிப்போனவங்க அறுபத்திரண்டு பேர்னு போட்டிருக்கு. ரொம்ப அதிகமில்லையா? தலைமை சரியில்லையா, இல்ல ஊழியர்களுக்கு ஊக்கம் போதலையா?"

"பஞ்சம் சார். சாப்பாடு இல்ல."

"அதான் கேக்கறேன். டீம் பில்டிங் மாதிரி ஏதாவது செஞ்சு பார்த்தாங்களா?"

கழிவுநீர் நிபுணர் குளத்தின் கொள்ளளவை மட்டும் கேட்டுக் குறித்துக்கொண்டார். கடைசியில் இயக்குநர் கல்யாணராமன் மதிப்பெண் தாளைத் திருப்பிக் காட்டினார். ஆரோக்கியநாதன் எல்லாவற்றிலும் தேறியிருந்தார். "சமூகத் தாக்கம்" என்ற இடத்தில் மட்டும் பூஜ்யம். ஐந்து வேண்டும்.

"உங்க புத்தகத்தால வெளி உலகத்துல ஏதாவது ஒண்ணு மாறியிருக்கணும் நாதன். ஒரு செங்கல்லாவது நகர்ந்திருக்கணும். ஆறு மாசம் டைம் தரேன், ஏதாவது தாக்கத்தோட வாங்க" என்றார்.

தாக்கத்துக்கு எங்கே போவது? மர்சலின் தன் பள்ளியில் ஒரு சொற்பொழிவு ஏற்பாடு செய்தாள். ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் நாற்பது நிமிஷம் அசையாமல் கேட்டார்கள். அசைவில்லாததைத் தாக்கமாகக் கணக்கில் எடுக்க முடியாது என்று ஞானத்தடம் திருப்பி அனுப்பிவிட்டது.

ஐந்தாவது மாதம், இயக்குநரே போன் செய்து வாழ்த்தினார். புத்தகத்தை ஒரு மிக முக்கியமான கோப்பில் மேற்கோள் காட்டியிருக்கிறார்களாம். ஒரு இடத்தில் இல்லை, முப்பத்தொன்பது இடத்தில். பாராட்டு விழா வெள்ளிக்கிழமை. மர்சலின் தி.நகருக்குப் போய்ப் புதுச் சேலை எடுத்தாள். பங்குச் சாமியாரிடமும் சொல்லியாயிற்று. ஆரோக்கியநாதன் மேடையில் உட்கார்ந்தார், சால்வை போட்டார்கள், கல்யாணராமன் மைக்கைப் பிடித்தார்.

"வரலாறு எதுக்குன்னு நிறைய பேர் கேக்கறா. நானே கேட்டிருக்கேன். இன்னிக்கு எனக்குப் பதில் கிடைச்சாச்சு. நமக்குப் புதுக் கட்டடம் கட்ட இடம் இல்லை. இருக்கற ஒரே இடம் குளம். எட்டு வருஷமா அலையறோம். ஈரநிலம், இயற்கை நீர்நிலை, தொடப்படாதுன்னுட்டா. எத்தனை இஞ்சினியர், எத்தனை வக்கீல், ஒருத்தராலயும் முடியலை. ஒரே ஒரு வரலாற்று ஆசிரியர் முடிச்சுக் காட்டினார்."

கைதட்டல் எழுந்தது. ஆரோக்கியநாதனும் கைதட்டினார். பேச்சு இன்னும் அவருக்குள் போய்ச் சேரவில்லை.

"இயற்கை கொடுத்த குளம்னா தொடப்படாது, ஒத்துக்கறேன். நாமே வெட்டின பள்ளம்னா? வெட்டினது நாம, மூடறதும் நாம. அனுமதிக் குழு ஆதாரம் கேட்டா. புத்தகத்தைக் கொடுத்தோம். வெறும் புத்தகம்தானேன்னா. உடனே சம்மதப் படிவத்தை எடுத்து நீட்டினோம். வெட்டினவங்களோட வாரிசுகள், பதினெட்டு பேர், அங்க முன்னாடி குளமே இல்லைன்னு அவா கையால எழுதிக் கொடுத்திருக்கா. கோப்புல அது அனெக்சர் நாலு. அதுக்கு மேல ஒரு கேள்வி கேக்கலை. உழைக்கிற மக்களோட குரலுக்கு இந்த நாட்டுல இப்பவும் மதிப்பு இருக்குங்கறதுக்கு வேற என்ன சாட்சி வேணும்?"

பிறகு திரையில் கட்டடத்தின் படம் வந்தது. ஏழு மாடி. பெயர், உழைப்பு மற்றும் சுற்றுச்சூழல் வரலாற்று மையம். கீழ்த்தளத்தில் பெரிய திரையில் குளம் ஓடிக்கொண்டிருக்குமாம், கொக்குச் சத்தம் உண்டு, கொசு இல்லை. மையத்தின் முதல் தலைவர் பேராசிரியர் ஆரோக்கியநாதன். சமூகத் தாக்கம் ஐந்துக்கு ஐந்து. முன்வரிசையில் மர்சலின் கைதட்டுவதை நிறுத்திவிட்டு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

திங்கட்கிழமை அவர் கடிதம் எழுதினார். குளத்தை மனிதர்கள் வெட்டினார்கள் என்று எழுதினேனே தவிர, மூடலாம் என்று எழுதவில்லை. அதோடு, தண்ணீர் தானாக வந்து தேங்குகிற தாழ்ந்த சதுப்பாக இருந்ததால்தான் அந்த இடத்தையே வெட்டத் தேர்ந்தெடுத்தார்கள் என்று இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் இருக்கிறது. மூடினால் மழைத் தண்ணீர் எங்கே போகும், பதினெட்டு வீடு எங்கே போகும்? கடிதம் நேராக நெறிமுறைக் குழுவுக்குப் போயிற்று. ராகவேந்திரன் அவரைக் கூப்பிட்டு உட்காரவைத்து டீ வரவழைத்தார்.

"இருநூத்திப் பன்னிரண்டாம் பக்கம் அடிக்குறிப்புல இருக்கு சார். அடிக்குறிப்பு போர்ட்டல்ல ஏறாது."

"ஏறாட்டி என்ன? எழுதினவன் நானே சொல்றேனே."

"அதுதான் பிரச்சினை. உங்க புத்தகத்தைப் பத்தி நீங்களே கருத்து சொன்னா அது பாரபட்சம். மூணு நிபுணர்கள் படிச்சு ஏத்துக்கிட்ட முடிவு அது. அதுல நீங்க தலையிட முடியாது." குரலைத் தணித்துக்கொண்டார். "இன்னொண்ணு. படிவத்துல இருக்கிறது சரியில்லன்னு நீங்க எழுதிக் கொடுத்தா, கையெழுத்துப் போட்டவங்க பொய் வாக்குமூலம் கொடுத்ததா ஆயிடும். பதினெட்டு பேர் மேலயும் நடவடிக்கை எடுக்க வேண்டி வரும். எனக்கு இஷ்டமில்ல சார். எலிக்குக்கூட நான் அப்படிச் செய்ய மாட்டேன்."

டீ ஆறிப்போயிருந்தது. ஆரோக்கியநாதன் கடிதத்தைத் திரும்ப வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பதவி உயர்வாவது வேண்டாம் என்று சொல்லிவிடலாம் என்று ஸ்ரீலக்ஷ்மியிடம் போனார். அவள் போர்ட்டலை மேலும் கீழும் உருட்டிப் பார்த்தாள்.

"வேணும்னு கேக்கறதுக்குத்தான் சார் பட்டன் இருக்கு. வேண்டாம்னு சொல்றதுக்கு இல்லையே. யாரும் இதுவரைக்கும் சொன்னதில்லை போலிருக்கு."

கன்னியம்மாவிடம் அவரே போய்ச் சொல்ல வேண்டும் என்று நினைத்தார். நினைத்து நான்கு நாள் போகவில்லை. வெட்கமாக இருந்தது. ஐந்தாம் நாள் போனபோது நோட்டீஸ் அவருக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்து, பதினெட்டுக் கதவிலும் ஒட்டியிருந்தது. அவள் வாசலில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். உள்ளே ஃபிரிட்ஜ் மேல் புத்தகம் தெரிந்தது.

"குந்து சார்" என்றாள். கையைக் கழுவிக்கொண்டு வந்து எதிரே நின்றாள். "ஒண்ணு கேக்கறேன். நீ எழுதுனதுல எதுனா பொய் கீதா?"

"இல்ல கன்னியம்மா. எல்லாம் உண்மை."

"நாங்கோ கையெழுத்து போட்டதுல?"

"அதுலயும் இல்ல. அதாவது, வெட்டினதுக்கு முன்னாடி அங்க சதுப்பு இருந்தது. குளம்னு இல்ல. அதனால பொய்யின்னு..."

"நெசத்தை எழுதி நெசத்துல கையெழுத்து போட்டா இன்னாத்துக்கு சார் வூட்டை இடிக்கிறாங்கோ?"

கோர்ட்டுக்குப் போகலாம், மனுவை நானே எழுதித் தருகிறேன் என்றார் அவர். எழுதுவதைப் பற்றி அவர் பேசியதும், பக்கத்து வீட்டு வாசலில் நின்றுகொண்டிருந்த ஒருவர் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

கோர்ட்டுக்கும் போனார்கள். ஒரு வாய்தாவில் முடிந்தது. எதிர்த்தரப்பு வக்கீல் பேசவே இல்லை, அனெக்சர் நாலை எடுத்துக் கொடுத்துவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

வைகாசியில் வீடுகளை இடித்தார்கள். பதினெட்டுக் குடும்பங்களும் ஊருக்கு வெளியே பெரும்பாக்கத்தில் அரசாங்கம் கட்டின அடுக்குவீடுகளில் ஆளுக்கு ஒரு மாடிக்குப் போயின. ஆரோக்கியநாதன் பேராசிரியரானார். சர்ச்சில் யாரும் அவரை வேறு மாதிரி கூப்பிடவில்லை, அதே "புரொஃபசர்"தான். இப்போது அது இன்னும் அதிகமாக உறுத்தியது. மர்சலின் அந்தச் சேலையை ஒருநாள்கூட மறுபடி கட்டவில்லை.

ஆனியில் லாரிகள் வந்தன. இடித்த வீடுகளின் கல்லும் மண்ணும்தான் முதலில் குளத்துக்குள் போயிற்று. பிறகு வேறு எங்கெங்கோ இடித்தவை வந்தன. ஒருநாள் ஆரோக்கியநாதன் கரைக்குப் போனார். வேலை நடக்கும் இடத்தில் மேற்பார்வை பார்க்கிறவன் நோயல் என்று ஒருவன், குடை நிழலில் நோட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பழைய பழக்கத்தில், வேலை செய்கிறவர்களின் பெயர்ப் பட்டியல் இருக்கிறதா என்று கேட்டார்.

"பேரெல்லாம் எதுக்கு சார்? தலையை எண்ணி எழுதிக்கிறதுதான்" என்று நோட்டைக் காட்டினான். "லேபர் 38" என்று இருந்தது.

பஞ்சத்தில் ஜனங்களைச் சாகவிட்ட வெள்ளைக்காரன்கூட சின்னப்பன் என்று எழுதியிருந்தான். செத்தான், ஓடிவிட்டான் என்றாவது எழுதியிருந்தான். இன்னும் நூறு வருஷம் கழித்து ஒருவன் காப்பகத்தில் உட்கார்ந்து தேடினால், இந்த இடத்தில் முப்பத்தெட்டு மட்டும்தான் கிடைக்கும். அவர் தன் நோட்டை எடுத்துக்கொண்டு சரிவில் இறங்கினார்.

இரும்புச் சட்டியில் மண் தூக்கிக்கொண்டு வரிசையாகப் போன பெண்களில் நான்காவதாகக் கன்னியம்மா வந்துகொண்டிருந்தாள். அவர் அப்படியே நின்றுவிட்டார்.

"பெரும்பாக்கத்துலேர்ந்தா வர்ற?"

"ரெண்டு பஸ்ஸு மாறி வர்றேன் சார். அங்க வேலை இன்னா கீது? கூட்டுற வேலைக்கு வேற ஆளைப் போட்டுட்டாங்கோ." மண்ணைத் தண்ணீரில் கொட்டினாள். கொஞ்சம் தூரத்தில் ஒரு கொக்கு இடம் மாறி உட்கார்ந்தது. அவர் கையில் இருந்த நோட்டைப் பார்த்தாள். "மறுபடி எழுத வந்துக்கிறியா?"

"இவங்க பேர் எழுதல. அதான்."

அவள் வெறும் சட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு யோசித்தாள். கோபமாகத் திட்டுவாள் என்று அவர் எதிர்பார்த்தார். திட்டியிருந்தால் அவருக்கு நன்றாக இருந்திருக்கும்.

"எழுதிக்கோ சார். கன்னியம்மா, சின்னப்பன் வகையறா. வெட்டுனதும் நாங்கோதான், மூடுறதும் நாங்கோதான். நெசந்தானே, எழுதிக்கோ."

அவர் எழுதினார். அவள் எட்டிப்பார்த்தாள். பழக்கதோஷத்தில் அவர் நோட்டை அவள் பக்கம் கொஞ்சம் திருப்பியிருக்க வேண்டும். பேனாவும் அவர் கையில்தான் இருந்தது. அவள் சட்டென்று ஓரடி பின்னால் போய்விட்டாள்.

"பேரு வேணா வெச்சுக்கோ சார். கையெழுத்து மட்டும் கேக்காத" என்று சொல்லிவிட்டு, அடுத்த நடைக்கு மண் எடுக்கப் போனாள்.